குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று யார் சொன்னது?

"அப்படியே அவங்க அப்பா மாதிரி. படுத்தா குறட்டைதான்!" கல்யாண வீட்டில், ரயிலில், பக்கத்து வீட்டு வாசலில் எத்தனை தடவை இதைச் சொல்லிச் சிரித்திருப்போம்? நாலு வயதுப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவதைச் செல்போனில் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டால், சித்தியிடமிருந்து ஒரு சிரிப்பு, மாமாவிடமிருந்து ஒரு சிரிப்பு, பெரியப்பாவிடமிருந்து "பாவம், ஓடி ஆடின அலுப்பு". டாக்டரிடம் காட்டினாயா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

கேட்க மாட்டோம். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறது என்று அர்த்தம் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். பெரியவர்களுக்கே அது சரியில்லை, குழந்தைக்குச் சுத்தமாகச் சரியில்லை. சளி பிடித்த நாலு நாள் குறட்டை வரும், சளியோடு போகும். அதை விடுங்கள். சளி இல்லாதபோதும் வாரத்தில் பாதி ராத்திரிக்கு மேல், மாதக்கணக்காகக் குறட்டை விடுகிற குழந்தை மூச்சுக்குச் சிரமப்படுகிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பழக்கமாகக் குறட்டை விடுகிறது என்று கணக்கு. 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு அது வெறும் சத்தம் இல்லை; தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுகிற நோய்.

அந்தக் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு ராத்திரி கண் விழித்தால் போதும். அதுவும் படுத்த உடனே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று போய்விடாதீர்கள். கனவு வருகிற தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். குழந்தைகளுக்கு அடைப்பு மோசமாவதும் அப்போதுதான். மூன்று, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். வயிறு மேலே எழும்போது நெஞ்சு உள்ளே குழிகிறதா? தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை வளைத்துக்கொண்டோ, முட்டிபோட்டுக் குப்புறக் கவிழ்ந்தோ தூங்குகிறதா? மின்விசிறி ஓடும்போதும் தலையணை வியர்வையில் நனைகிறதா? குறட்டை சட்டென்று நின்று, நெஞ்சும் வயிறும் மட்டும் இழுத்துக்கொண்டு, காற்றுச் சத்தமே இல்லாமல் போய், பிறகு ஒரு திணறலோடு மூச்சு வருகிறதா? பெரியவர்களுக்குப் பத்து வினாடி நின்றால்தான் கணக்கில் எடுப்பார்கள். குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. அந்தக் காட்சியை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அது குடும்பக் குழுவுக்கு வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டருக்கு.

விஷயம் இதுதான். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே அடினாய்டு என்ற சதை இருக்கிறது. தொண்டையின் இரண்டு பக்கமும் டான்சில். ஊரில் 'உள்நாக்கு வளர்ந்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை, மூச்சுப்பாதையின் அகலத்தோடு ஒப்பிட்டால், இவை மிகப் பெரிதாக இருக்கும் காலம். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் சரக்கை இழுத்து வெளியே போட்டிருக்கிற கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு போலீஸ்காரர் நின்று ஒதுக்கிவிடுவதால் வண்டிகள் எப்படியோ போய்விடும். ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்விடுவார். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது அதுதான். அதனால்தான் பகலில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தை துறுதுறுவென்று இருக்கும், நாமும் "இப்ப நல்லாத்தான் டாக்டர் இருக்கான்" என்று சொல்லி எழுந்து வந்துவிடுவோம்.

துறுதுறு என்றேனே, அதிலும் ஒரு சிக்கல். சரியாகத் தூங்காத பெரியவர் மறுநாள் தூங்கி வழிவார். சரியாகத் தூங்காத குழந்தை பெரும்பாலும் வழியாது, ஆட்டம் போடும். ஓரிடத்தில் உட்காராது, சொன்னதைக் கேட்காது, தொட்டதற்கெல்லாம் அழும், எழுதிக்கொண்டிருக்கும்போதே கவனம் எங்கோ போகும். டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார். நாம் அதைப் படித்துவிட்டு ரெண்டு அடி வைப்போம், அல்லது டியூஷன் மாற்றுவோம். ஏழு வயதில் படுக்கையை நனைக்கிறது என்று வெயிலில் பாயைக் காயப்போட்டு நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவோம். இவை எல்லாவற்றுக்கும் ராத்திரி மூச்சுத் திணறல் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மட்டும் யோசிக்க மாட்டோம். 1868ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் அடினாய்டு வளர்ச்சியை விவரித்து எழுதினார். 1889ல் லண்டனில் வில்லியம் ஹில் என்பவர், பள்ளியில் மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான கோளாறு மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது என்று எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் டியூஷன்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. தூக்கம் துண்டுதுண்டானால் சில பிள்ளைகள் எடையே போடாமல் நிற்கும். அடினாய்டு, காதுக்குப் போகும் குழாயின் வாயில் இருப்பதால் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். டிவி சத்தத்தைக் கூட்டுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட கடுமையான அடைப்பு நுரையீரல் ரத்த அழுத்தத்தைக் கூட்டி இதயத்தின் வலது பக்கத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். அது அபூர்வம். ஆனால் அங்கே போய்ச் சேரும் குழந்தைகளின் பெற்றோரும் "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொன்னவர்கள்தான்.

சரி, அந்தப் பேச்சுக்கே வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை, இன்னொரு பிரிவைக் கண்காணித்துக் காத்திருத்தல் என்று செய்து பார்த்தார்கள். 2013ல் முடிவு வந்தது. ஏழு மாதத்தில், அறுவை சிகிச்சை ஆனவர்களில் 100க்கு 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியானது. காத்திருந்தவர்களிலும் 100க்கு 46 பேருக்குத் தானே சரியானது! கவனத்தையும் திட்டமிடும் திறனையும் அளந்த தேர்வில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை இவற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். ரொம்ப மோசமாக இருந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆக, லேசான தொந்தரவு உள்ள குழந்தைக்கு "ஆறு மாதம் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் அவர் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் காத்திருந்தது தேதி குறித்து, அளந்து, திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருந்தது. நாம் காத்திருப்பது எப்படி? தை பிறக்கட்டும், முழுஆண்டுப் பரீட்சை முடியட்டும், குலதெய்வத்துக்கு முடி இறக்கிவிட்டுப் பார்க்கலாம், மாமனார் சம்மதிக்கட்டும். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவோம். கற்பூரவல்லிச் சாறும் தூதுவளை ரசமும் சளிக்கு இதமாக இருக்கும். பாக்கு அளவு வீங்கிய டான்சிலைச் சுருக்காது. ஐஸ்கிரீமை நிறுத்தினாலும் சுருங்காது. இது கண்காணிப்பு அல்ல, தள்ளிப்போடுவது.

மருந்துக்கும் இடம் உண்டு. ஒவ்வாமையால் மூக்கடைப்பு உள்ள, லேசான தொந்தரவுள்ள குழந்தைகளுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே சில வாரங்களில் நல்ல பலன் தரும். 'ஸ்டீராய்டா!' என்று அலறி அதைப் பாதியில் நிறுத்துகிற நாம், மாண்டெலுகாஸ்ட் மாத்திரையை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுப்போம். குழந்தையின் மனநிலையையும் தூக்கத்தையும் அது பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் போட்டிருக்கிறது. டாக்டர் கொடுத்தால், அவர் சொன்ன நாளுக்கு மட்டும்.

அடைப்பு தெளிவாக இருந்து, டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருந்தால் முதல் சிகிச்சை இரண்டையும் எடுப்பதுதான். இங்கே நம் கேள்விகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். "லேசரா டாக்டர்? கோப்ளேஷனா? எந்த மெஷின்?" சேலைக் கடையில் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறோம். கத்தி, மின்சூடு, கோப்ளேஷன் எல்லாம் வேலை செய்யும். அந்தக் கை பழகியது எது என்பதுதான் முக்கியம். கேட்க வேண்டியவை வேறு. டான்சிலை முழுசாக எடுக்கப்போகிறார்களா, அல்லது அடியில் மெல்லிய உறை ஒன்றை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுக்கப்போகிறார்களா? இரண்டாவதில் வலியும் ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் கொஞ்சம் பேருக்குத் திரும்ப வளரலாம். அடிக்கடி சீழ் பிடித்துக் காய்ச்சல் வருகிற டான்சில் என்றால் முழுசாக எடுப்பதைப் பலர் விரும்புவார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா? அன்று ராத்திரி விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டிக் கவனிக்க ஆள் இருக்கிறதா? மூன்று வயதுக்குக் கீழே, அல்லது ரொம்பக் குண்டு, அல்லது கடுமையான அடைப்பு என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்புகிற இடம் வேண்டாம்.

ஸ்லீப் ஸ்டடி எல்லாருக்கும் தேவையா? ஒரு ராத்திரி முழுக்கத் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் ஒயர்களை ஒட்டி மூச்சு, ஆக்சிஜன், தூக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்கிற பரிசோதனை அது. மணிக்கு ஒரு தடவைக்கு மேல் அடைபட்டாலே குழந்தைக்கு அது இயல்பல்ல. பத்தைத் தாண்டினால் கடுமை. எல்லா ஊரிலும் கிடைக்காது. பெரிய டான்சில், தெளிவான அறிகுறிகள், வேறு நோய் இல்லை என்றால் அது இல்லாமலேயே முடிவெடுப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை, உடல் பருமனான குழந்தை, டவுன் சிண்ட்ரோம், முகம் தாடை அமைப்பில் மாற்றம், தசை நோய் உள்ள குழந்தை என்றால், எவ்வளவு தூரம் போனாலும் அதைச் செய்துவிட்டே அறுவை சிகிச்சைக்குப் போங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குக் குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு வயதுக்குள் ஒரு தடவை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. டான்சிலின் அளவை மட்டும் வைத்து நோயின் கடுமையைச் சொல்லவும் முடியாது.

"எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடுமே?" எந்த வீட்டிலும் ஒரு தாத்தாவாவது இதைக் கேட்பார். டான்சில் எதிர்ப்பு சக்தியின் ஒரு சின்னக் காவல் நிலையம், உண்மைதான்; ஆனால் தொண்டையிலும் குடலிலும் உடம்பெங்கும் அதே வேலையை வேறு திசுக்களும் செய்கின்றன. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்து 2018ல் வந்த ஓர் ஆய்வு, சின்ன வயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதைத் தொற்றுகள் அதிகம் என்றது. எடுத்ததால் வந்ததா, ஏற்கெனவே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் எடுத்தார்களா என்று பதிவேட்டை வைத்துத் தீர்க்க முடியாது. நாலு தடவை தொண்டைவலி வந்தது என்பதற்காக அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்பதற்கு அது நல்ல காரணம். ராத்திரி மூச்சு நிற்கிற குழந்தைக்கு எடுக்காமலிருக்க அது காரணமே அல்ல. பாட்டுக் குரல் போய்விடும் என்ற பயமும் அப்படித்தான். சில வாரம் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், பிறகு அடங்கிவிடும். ஒன்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: தொண்டையில் தொங்கும் உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தால் அண்ணத்துக்குள் மறைவான பிளவு இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு அடினாய்டை முழுசாகச் சுரண்டினால் பேச்சு நிரந்தரமாக மூக்கில் போய்விடக்கூடும்.

அறுவை சிகிச்சை நாளில் நாம் செய்கிற கூத்துகளைச் சொல்லாமல் விட முடியாது. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தண்ணீர் எப்போது வரை என்று டாக்டர் சொல்வார். 'பாவம், பசிக்குது' என்று பாட்டி முந்தானைக்குள் வைத்து ஒரு பிஸ்கட் ஊட்டிவிடுவார். மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தால் ஊட்ட மாட்டார். சொல்லி வைக்காதது நம் குற்றம். பல் ஆடுகிறதா என்று பார்த்து மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்போதும் ஏதோ ஒரு பல் ஆடும். முந்தைய வாரம் காய்ச்சல், சளி இருந்ததை 'தேதி தள்ளிப்போய்விடுமே' என்று மறைக்காதீர்கள்.

என் மகளுக்குச் செய்தபோது என்னைப் பயமுறுத்தியது ஆபரேஷன் தியேட்டர் இல்லை. அது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பயமுறுத்தியது வீட்டுக்கு வந்தபின் டார்ச் அடித்துப் பார்த்த தொண்டை. இரண்டு பக்கமும் தயிர் அப்பியதுபோல் வெள்ளையும் மஞ்சளும், கூடவே ஊசிப்போன வாடை. சீழ் என்று நினைத்துப் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். புண் ஆறும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். காது வலிக்கிறது என்று அழுவதும் தொண்டை வலிதான், நரம்பு வழியே காதில் தெரிகிறது. வலி ஏழு முதல் பத்து நாள். நடுவில் ஐந்தாறாம் நாளில் திரும்ப ஒரு தடவை ஏறும். பாரசிட்டமாலை அழுதபிறகு கொடுக்காமல், டாக்டர் சொன்ன இடைவெளியில் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் குழந்தை விழுங்கும். விழுங்கினால்தான் புண் ஆறும். குழைந்த ரசம் சாதம், மோர், ஆறின கஞ்சி, ஆம், ஐஸ்கிரீமும். முறுக்கும் மிக்சரும் இரண்டு வாரம் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். சில குழந்தைகளின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே நிறுத்திவிடுகிறது. டான்சில் எடுத்த குழந்தைகள் இறந்தபிறகுதான் 2013ல் அமெரிக்காவில் இதற்குத் தடை வந்தது.

ஓடவேண்டியது முக்கியமாக ஒன்றுக்கு: ரத்தம். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும். 100 பேரில் சிலருக்கு வரும். வாயில் புது ரத்தம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருப்பது, இதில் எது கண்டாலும் ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் கிளம்புங்கள். பத்து நாள் வரை திருவிழாவுக்கு ஊருக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதன் காரணம் இதுதான். நாம்தான் மூன்றாம் நாளே பஸ் ஏறிவிடுவோம்.

அறுவை சிகிச்சை முடிந்தால் கதை முடிந்தது என்று நினைப்பது நம் அடுத்த தவறு. 578 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2010ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், தூக்கப் பரிசோதனை முழுக்கச் சரியானது 100க்கு 27 பேருக்குத்தான். பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைந்தது, ஆனால் மிச்சம் இருந்தது. குண்டான பிள்ளைகளுக்கும் ஏழு வயது தாண்டியவர்களுக்கும் அதிகம். இரண்டு மூன்று மாதம் கழித்தும் குறட்டை இருந்தால் "அதான் எடுத்தாச்சே" என்று உட்காராதீர்கள். எடை குறைக்க வேண்டியிருக்கலாம். ராத்திரி முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி தேவைப்படலாம். மேல்தாடை குறுகலாக இருந்தால் பல்சீரமைப்பு டாக்டர் அதை அகலப்படுத்துவார். லேசாக மயக்கித் தூங்கவைத்து எண்டோஸ்கோப் வழியாக எங்கே அடைக்கிறது என்று பார்த்து, நாக்கின் அடிச்சதையையோ மூக்கின் உள்சதையையோ சரிசெய்வார்கள். பிறந்த சில வாரங்களிலேயே மூச்சிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும் பச்சைக்குழந்தைக்குக் கோளாறு பெரும்பாலும் குரல்வளையின் மேல்மடிப்புகள் தொளதொளப்பாக இருப்பது; பலருக்குத் தானே சரியாகும், பால் குடிக்க முடியாமல் எடை ஏறாதவர்களுக்கு அந்த மடிப்பைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள். கீழ்த்தாடை மிகச் சிறிதாகப் பிறந்த குழந்தைக்கு எலும்பை மெல்ல நீட்டும் அறுவை சிகிச்சை உண்டு. நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை டவுன் சிண்ட்ரோம் உள்ள 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பொருத்த 2023ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். தொண்டையில் துளை போடுவது கடைசி வழி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை அன்றாட வேலை. பணத்தைக் காரணம் காட்டி யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. முழுஆண்டு லீவுக்காகக் காத்திருந்தால் ஊரே அந்த மே மாதத்துக்குத்தான் வரிசையில் நிற்கும். இப்போதே போய் ஒரு தேதி வாங்குங்கள். இந்தக் கோளாறு குடும்பத்தில் ஓடுவதும் உண்டு. மூத்தவனுக்குப் பார்க்கப் போகும்போது, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் இளையவளையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் சேர்த்து ஒரு சீட்டுப் போட்டுவிடலாம்.